மாத்துப் பம்பு

காலையில் எழுந்ததும் தண்ணீர் மோட்டாரைப் போடுவேன். தொட்டி நிரம்புவதற்குள் பல் துலக்கி, பால் பாக்கெட்டைக் கழுவி அடுப்பங்கரையில் வைப்பேன். மாமா தொழுதுவிட்டு வந்து லாரி மெக்கானிக் ஷெட்டின் ஷட்டரைத் தூக்குவார். அந்தச் சத்தம் கேட்டதும் மாமி டீயை வடிகட்டுவார். எனக்கு ஒரு டம்ளர், இரண்டு பட்டர் பிஸ்கட். டம்ளரைக் கையில் கொடுக்கும்போது கேட்பார்.

“கடைசியா இன்னா சொன்னா?”

“நெனவில்ல மாமி.”

“சரி. ஆறிடப் போவுது, குடி தம்பி.”

எட்டு மாதமாக இப்படித்தான். கோபமாகக் கேட்பதில்லை. அழுதும் கேட்பதில்லை. சிலிண்டர் வந்துவிட்டதா என்று கேட்கிற குரல்தான்.

ஹஃப்சா என் மனைவி. மாமிக்கு ஒரே மகள். அவளை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கூட இருந்தது நான் மட்டும். மாமி அன்று ஆரணியில் தங்கை வீட்டில் இருந்தார். மாமா ஒரு லாரியை ஓட்டிப் பார்ப்பதற்காகப் போளூர் ரோட்டில் போயிருந்தார். தலையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். ஆட்டோவில் அவள் ஏதோ பேசினாள். அவள் வாய் அசைந்தது எனக்கு நினைவிருக்கிறது. சொன்னது நினைவில்லை. மாமி அந்த ஆட்டோக்காரரையும் தேடிப் பிடித்துக் கேட்டுவிட்டார். சைலன்சர் ஓட்டை, ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டார் அவர்.

நான் வெறும் பனியனோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றதாக எல்லோரும் சொல்கிறார்கள். அதுவும் எனக்கு நினைவில்லை.

உயிர் பிரியும்போது சொல்ல வேண்டிய கலிமாவைச் சொல்லியிருப்பாள் என்று துக்கத்துக்கு வந்த பெண்கள் சொன்னார்கள். மாமி எல்லோருக்கும் தலையாட்டினார். மறுநாள் காலை டீயைக் கொடுத்துவிட்டு என்னிடம் கேட்டார். அப்படித்தான் தொடங்கியது.

எனக்கு வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசில், கம்ப்யூட்டரில் பதிவு செய்கிற ஒப்பந்த வேலை. சொந்த ஊர் வாணியம்பாடி. வேலைக்குப் பக்கம் என்று கல்யாணத்துக்குப் பிறகு ஹஃப்சாவின் வீட்டிலேயே இருந்துவிட்டோம். அவள் போன பிறகு இரு என்று யாரும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. வாணியம்பாடியிலிருந்து அம்மா போன் செய்து எப்போது வருகிறாய் என்று கேட்கும்போதெல்லாம் அடுத்த மாதம் என்கிறேன். எதற்காக அப்படிச் சொல்கிறேன் என்று தெரியவில்லை.

சித்ரா பௌர்ணமிக்கு முந்தைய நாள் சனிக்கிழமை. எனக்கு விடுமுறை. ஷெட்டில் உட்கார்ந்திருந்தேன். ஷெட் வேட்டவலம் ரோட்டில், ரோட்டைப் பார்த்தபடி இருக்கிறது. பின்னால் வீடு. நடுவில் ஒரு தகரக் கதவு. காலை ஒன்பது மணிக்கே தகரம் சுட்டது. பழைய வாடிக்கைக்காரர் அப்பாதுரை லாரியைக் கொண்டுவந்து ஷெட்டுக்குள் திருப்புவதற்கு ஐந்து முறை முன்னும் பின்னும் போனார். இருக்கையிலிருந்து எழுந்து நின்று ஸ்டீயரிங்கைத் தோளால் தள்ளினார். இறங்கியபோது சட்டை முழுதும் நனைந்திருந்தது.

“பாய், இது ஸ்டீயரிங்கா, ஆட்டுக்கல்லா? ஒரு படி மாவு ஆட்டிட்டு வந்துகிறேன்.”

மாமா பெயர் அன்வர் பாஷா. ஊரில் லாரிக்காரர்கள் எல்லோருக்கும் பாய்தான்.

“சத்தம் எப்பலருந்து தொர?”

“போன வாரத்துலருந்தே முனவிகினுதான் இருந்துச்சு. வயித்துவலிக்காரன் மாரி. நான் பாட்ட ஜாஸ்தி வச்சிட்டேன்.”

“பாட்டு வச்சா பம்பு சரியாயிடுமா?”

“என் பொண்டாட்டி முனவுனா அப்படித்தான பாய் வைக்கிறேன்.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார். துண்டை எடுத்து முகத்தைத் துடைப்பதுபோல நீண்ட நேரம் துடைத்தார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சிரித்திருக்க வேண்டுமோ என்னவோ.

மாமா ஸ்டீயரிங் பம்பின் ஆயில் டப்பா மூடியைத் திறந்து விரலை விட்டார். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் கறுத்திருந்தது. விரலை வெயிலில் காட்டினார். ஜிகினாத் தூள்போல மின்னியது.

“அவ்ளோதான். உள்ள எல்லாம் தேஞ்சி ஆயில்ல வந்துட்டிருக்குது. இது இனிமே பம்பு இல்ல தொர, எடைக்குப் போடுற இரும்பு.”

“உங்க பம்புதான பாய் அது.”

“எங்க பம்புதான்.”

அதன் பிறகு இரண்டு பேரும் பேசவில்லை.

பேசாததற்குக் காரணம் உண்டு. ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்ப வைக்கிற பம்பைப் பிரித்துச் சரிசெய்ய இரண்டு மூன்று நாளாகும். அதுவரை லாரி நிற்கக் கூடாது என்பதற்காக ஷெட்டில் சொந்தமாக ஒரு பம்பு வைத்திருப்பார் மாமா. மாத்துப் பம்பு என்று பெயர். லாரிக்காரரின் பம்பைக் கழற்றிக்கொண்டு மாத்துப் பம்பை மாட்டி அனுப்புவார். வேலை முடிந்ததும் அவரவர் பம்பு அவரவருக்கு. கடந்த ஆவணியில் அப்பாதுரையின் பம்பைக் கழற்றி மாத்துப் பம்பை மாட்டி அனுப்பினார். அவருடைய பம்பு ஹஃப்சாவிடம் வந்தது. அதைச் செய்துகொண்டிருந்தபோதுதான் அவள் தலை வலிக்கிறது என்றாள்.

எட்டு மாதத்தில் அப்பாதுரை பத்துத் தடவையாவது ஷெட்டுக்கு வந்திருப்பார். என் பம்பு எங்கே என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

இந்த ஷெட்டில் பம்பு வேலை எப்போதும் வீட்டுக்குள்தான் நடக்கும். ரோட்டுப் புழுதி ஷெட்டுக்குள் நேராக வரும். பம்புக்குள் ஒரு மணல் போனாலும் போதும், எல்லாம் கோடு விழுந்துவிடும். மாமாவுக்குக் கிட்டத்துப் பார்வை மங்கிய பிறகு அந்த வேலை ஹஃப்சாவிடம் வந்தது. கூடத்தில் துவைத்த படுக்கை விரிப்பைப் போடுவாள். நடுவில் பெரிய எவர்சில்வர் தாம்பாளம். அதில்தான் எல்லாச் சாமானும். ஃபேனை நிறுத்திவிடுவாள். மே மாதமானாலும் நிறுத்திவிடுவாள். யாராவது விருந்தாளி வந்தால் விரிப்பின் நான்கு மூலைகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டுத் தாம்பாளத்தோடு தூக்கி உள்ளே வைத்துவிடுவாள். அவர்கள் போன பிறகு அவிழ்த்து, விட்ட இடத்தில் தொடங்குவாள்.

அவள் போன அன்று ஆட்கள் வருவதற்கு முன் கூடத்தைக் காலி செய்தது பக்கத்து வீட்டுப் பொன்னி. அவரும் இந்த வீட்டுப் பழக்கத்தைப் பார்த்திருக்கிறார். நான்கு மூலையையும் முடிச்சுப் போட்டு எங்கள் அறையில் பீரோ மேல் வைத்துவிட்டார். அது அங்கேயே இருக்கிறது. யாரும் தொடவில்லை. நான் தினமும் அதன் கீழே படுத்துத் தூங்குகிறேன்.

மாமா கையைத் துடைத்துக்கொண்டு தகரக் கதவைத் தாண்டினார். நானும் போனேன். மாமி தால்ச்சாவுக்குச் சுரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“ஜஹானாரா. அப்பாதுரை வந்துகிறான்.”

“கேட்டுச்சு. அவன் தொண்ட மலைக்கு அந்தாண்ட வரைக்கும் கேட்டுருக்கும்.”

“மாத்துப் பம்பு போயிடுச்சு.”

“வேலூர்ல வாங்கிப் போடுங்க.”

“நாளைக்கு பௌர்ணமி. இன்னிக்கு மத்தியானத்துக்கு மேல ரோடெல்லாம் திருப்பி வுட்டுடுவான். வேலூர் போய் வர்றதுக்கு எங்க நேரம்?”

“பௌர்ணமி முடிஞ்சி வாங்கிப் போடுங்க.”

“அவன் பம்பு வீட்டுக்குள்ளயே இருக்குதும்மா. வச்சிகினே இல்லன்னு சொல்றதா?”

கத்தி நின்றது.

“துணிமணி குடுத்தாச்சு. செருப்பு குடுத்தாச்சு. அவ தலகாணியக்கூட யாரோ வாங்கிகினு போனாங்க. அவ கை வச்சது வச்ச மாரி இருக்குறது அது ஒண்ணுதான். அத்தயும் அவுக்கணுமா?”

மாமா என்னைப் பார்த்தார்.

“மாப்ள சொல்லட்டும். அவன் பொண்டாட்டி வச்சிட்டுப் போனது.”

 அவிழ்க்கலாம் என்றும் தோன்றியது. கூடாது என்றும் தோன்றியது. சுரைக்காய்த் துண்டுகளைப் பார்த்தேன். ஒரே அளவாக இருந்தன.

மாமி என் பக்கம் திரும்பினார்.

“நீ சொல்றியா? சரி, சொல்லு. அவ கடைசியா பேசுனது இன்னான்னு சொல்லு. சொல்லிட்டு மூட்டைய எடுத்துக்கோ. எனக்கு ரெண்டுல ஒண்ணு வேணும்.”

“நெனவில்ல மாமி.”

“அப்ப மூட்ட அங்கயே இருக்கட்டும்.”

தகரக் கதவுப் பக்கம் அப்பாதுரை நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. துண்டை இடுப்பில் கட்டியிருந்தார்.

“அம்மா, நான் பம்பு கேக்க வரல. வண்டிய இங்கயே வுட்டுட்டு பஸ்ல போறேன். பௌர்ணமி முடியட்டும். நானும் நாலு நாளு வூட்ல தூங்குறேன்.”

“அவ்ளோ சீக்கிரம் வண்டிய வுட மாட்டியே நீ. இன்னா ஆச்சி?”

“ஒண்ணும் ஆவலம்மா.”

“சொல்லு தொர.”

அவர் மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார்.

“நேத்து சாயந்தரம் அடி அண்ணாமலகிட்டம்மா. அன்னதானத்துக்கு அரிசி எறக்கிட்டுத் திரும்புறேன். ஜனம் நேத்தே மலைய சுத்தி நடக்க ஆரமிச்சிடுச்சு. ஒரு பொண்ணு, இடுப்புல கொழந்த, ஓரமாத்தான் போவுது. வளைவுல ஸ்டீயரிங் அப்படியே புடிச்சிகிச்சு. நான் இழுக்குறேன், வரல. பிரேக்க மிதிச்சி நின்னேன். பம்பரு அந்தப் பொண்ணு முந்தானைய ஒரசிகினு நின்னுச்சு. அதுக்குத் தெரியவே தெரியாது. அரோகரான்னுகினு போயிகினே இருந்துச்சு.”

“கொழந்த?”

“தோள்ல தூங்கிகினு இருந்துச்சும்மா.”

மாமி கத்தியை வைத்தார். எழுந்து குழாயில் கையைக் கழுவினார். முழங்கை வரை கழுவினார். எங்கள் அறைக்குள் போனார். ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது. நான் போய்ப் பிடித்துக்கொள்வதற்குள் மூட்டையை இறக்கிவிட்டார். மார்போடு அணைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

“நீயே செய். வேற யார் கையும் படக் கூடாது. நான் இங்கதான் குந்திகினு இருப்பேன்.”

“எனக்கு முழுசா தெரியாது மாமி. அவ செய்யும்போது டார்ச் புடிச்சிருக்கேன், அவ்ளோதான்.”

“டார்ச் புடிச்ச இல்ல? பாத்திருப்ப. செய்.” மாமாவிடம் திரும்பினார். “அந்த ஃபேன நிறுத்துங்க.”

மாமா நிறுத்தினார். அப்பாதுரை வாசலுக்கு வெளியே தள்ளி நின்றுகொண்டார். தன் சட்டையில் புழுதி இருக்கிறது என்றார்.

முடிச்சு இறுகியிருந்தது. பொன்னி பலமாகக் கட்டியிருந்தார். பல்லால் இழுத்து அவிழ்த்தேன். விரிப்பின் மூலைகள் விழுந்தன. தாம்பாளத்தின் மேல் ஒரு துணி விரித்திருந்தது. ஓரங்களைத் தாம்பாளத்துக்கு அடியில் செருகியிருந்தது.

அது ஒரு சட்டை. நீலக் கட்டம் போட்டது.

“இது உன் சட்டையாச்சே தம்பி,” என்றார் மாமி.

என் சட்டைதான். பாக்கெட்டில் என் பேனா இருந்தது. அந்தச் சட்டை எங்கே போனது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. பொன்னி வேலைத்துணி என்று நினைத்து அப்படியே மூட்டை கட்டியிருப்பார்.

நான் சட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று ஹஃப்சா சுவரைப் பிடித்து நின்றாள். ஆட்டோ வாசலில் நின்றது. நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் வரவில்லை. தாம்பாளத்தைக் காட்டினாள். வலியில் அப்போது பேச்சு வரவில்லை, கையால் காட்டினாள். மூடச் சொல்கிறாள். நான் சுற்றிலும் பார்த்தேன். ஒரு துணியும் கண்ணில் படவில்லை. கொடியில் நிறைய இருந்திருக்கும், தெரியவில்லை. சட்டையைக் கழற்றினேன். விரித்து, ஓரத்தைச் செருகினேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் நடந்தாள். இது எட்டு மாதமாக எங்கே இருந்தது? இப்போது நானே கட்டிச் சொல்கிறேனா என்றும் சந்தேகமாக இருந்தது. ஆனால் சட்டை மடியில் இருந்தது.

“மாப்ள, பம்பப் பாரு,” என்றார் மாமா, மெதுவாக.

பார்த்தேன். தூசி இல்லை. அவள் தடவிய ஆயில் காயாமல் பளபளத்தது. உள்ளே சுழலும் ரோட்டாரின் பள்ளங்களில் தகடு போன்ற பிளேடுகளைச் செருகிக்கொண்டிருந்தாள். பாதிக்கு மேல் போட்டுவிட்டாள். மீதி மூன்று சிறு கிண்ணத்தில் கிடந்தன. புதிய சீல் கிட் பாக்கெட் பிரிக்காமல் இருந்தது.

“அவ போட்டது அப்படியே இருக்கட்டும்,” என்றார் மாமி. “மிச்சத்த மட்டும் போடு.”

மாமா தொண்டையைச் செருமினார். “எட்டு மாசம் ஆவுது ஜஹானாரா. கழுவாம போடக் கூடாது. உள்ள ஒரு பிசுக்கு இருந்தாலும் பிளேடு ஒட்டிக்கும்.”

“அவ கழுவித்தான போட்டுருப்பா!”

“கழுவித்தான் போட்டா. இருந்தாலும்.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ரோட்டாரைக் கையில் எடுத்துச் சாய்த்தேன். ஆறு பிளேடுகள் வழுக்கி வெளியே எட்டிப் பார்த்தன. ஒன்று வரவில்லை. நகத்தால் தட்டினேன். வரவில்லை.

“எடுத்துடறேன் மாமி,” என்றேன்.

மாமி எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டார். பாத்திரங்கள் இடிபடும் சத்தம் கேட்டது. நான் பிளேடுகளை ஒவ்வொன்றாக உருவி, எந்தப் பள்ளத்தில் எது என்று மாறாமல் விரிப்பில் வரிசையாக வைத்தேன். கடைசிப் பிளேடை உருவும்போது மாமி வந்தார். ஒரு கிண்ணம் நிறைய டீசல். ஷெட்டு கேனிலிருந்து எடுத்து, டீ வடிகட்டும் துணியில் வடிகட்டியிருந்தார். அதைத் தாம்பாளத்தின் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“கழுவு.”

கழுவினேன். மாமி பழைய வாயல் துப்பட்டாவைக் கிழித்துக் கொடுத்தார். பஞ்சு விடாத துணி வேண்டும் என்று ஹஃப்சா சொல்வாள். வியர்வை புருவத்திலிருந்து சொட்டியது. பம்பில் விழாமல் மாமி முந்தானையால் என் நெற்றியைத் துடைத்தார். ஒரு முறை துடைத்தபோது நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தார். பிறகு மறுபடி துடைத்தார்.

பிளேடின் ஒரு விளிம்பு உருண்டை, மற்றது சதுரம். உருண்டை வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். அவள் வைத்த வரிசையைப் பார்த்துப் பார்த்து வைத்தேன். முடித்த பிறகு எவை அவள் போட்டவை, எவை நான் போட்டவை என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ரப்பர் சீல்களை வெந்நீரில் காட்டி அழுத்தினேன். மூடியைப் போட்டுக் குறுக்கும் நெடுக்குமாக போல்ட்டை முறுக்கினேன். பம்பின் வாயில் ஆயில் ஊற்றிக் கையால் தண்டைச் சுற்றினேன். முதலில் காற்று வந்தது. பிறகு சிவப்பாகச் சொட்டியது.

“சுத்தும்போது கரகரன்னு இருக்குதா?” என்றார் மாமா.

“இல்ல மாமா. வெண்ணெ மாரி.”

அப்பாதுரை வெளியே நின்றபடி, “யா அல்லா, அண்ணாமலையாரே,” என்றார்.

ஷெட்டில் மாமாவே மாட்டினார். டப்பாவைக் கழுவி, ஓஸ் குழாயில் இருந்த கறுப்பு ஆயில் முழுவதையும் வடித்தோம். முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கினோம். எஞ்சினை ஓட்டாமல் அப்பாதுரை ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெல்லத் திருப்பினார். டப்பாவில் நுரை கிளம்பிக்கொண்டே இருந்தது. நான் ஆயிலை ஊற்றிக்கொண்டே இருந்தேன். நுரை நின்ற பிறகு எஞ்சினைப் போட்டார். முனகல் இல்லை. ஜாக்கியை இறக்கியதும் ஒற்றை விரலால் ஸ்டீயரிங்கைச் சுற்றிக் காட்டினார்.

“பாய், பாரு. என் பொண்டாட்டிகூட இப்படித் திரும்ப மாட்டா.”

இந்த முறை நாக்கைக் கடிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது. வந்துவிட்டுப் போய்விட்டது.

“போடா, ரோடு மூடறதுக்குள்ள போய்ச் சேரு,” என்றார் மாமா.

லாரி ரோட்டில் ஏறி ஒரே திருப்பில் திரும்பியது. மாமா அது போவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் வீட்டுக்குள் வந்தேன். கொடியில் நீலக் கட்டச் சட்டை தொங்கியது. துவைத்து, பிழியாமல் போட்டிருந்தார் மாமி. கீழே சிமெண்டுத் தரை நனைந்திருந்தது. பேனா ஜன்னலில் இருந்தது. தால்ச்சா கொதித்த வாசனை வந்தது. விரிப்பும் தாம்பாளமும் கூடத்தில் அப்படியே இருந்தன, காலியாக. ஃபேனை இன்னும் யாரும் போடவில்லை.

மாமி டீ கொடுத்தார். பிஸ்கட் இரண்டு. டம்ளரை என் கையில் கொடுத்தார். எதுவும் கேட்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கடைசியாகச் சொன்னது எனக்கு இப்போது தெரிந்திருந்தது. பிளேடுகளைக் கழுவும்போதே வந்துவிட்டது, குரலோடு. அதில் அல்லா இல்லை. அம்மி என்று தாயைக் கூப்பிட்டதும் இல்லை. கலிமாவுக்காக எட்டு மாதம் டீ போட்டுக் கொடுத்தவரிடம் இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை. வேறு ஏதாவது சொல்லலாம். நம்புவார். ஆனால் இரண்டில் ஒன்று வேண்டும் என்றவர் மூட்டையைக் கொடுத்துவிட்டார், மிச்சம் இருப்பது அவள் சொன்னதுதான்.

“மாமி.”

“ம்.”

“ஆட்டோ பஸ் ஸ்டாண்டத் தாண்டுச்சு. அவ என் மடியில சாஞ்சிகினு இருந்தா. கண்ணத் தொறந்தா. என்னை மேலருந்து கீழ பாத்தா. எப்பவும் பாப்பா இல்ல, ஆபீஸ் கெளம்பும்போது, அந்த மாரி.”

மாமி திரும்பவில்லை. கொடியைப் பார்த்தபடியே கேட்டார்.

“இன்னா சொன்னா?”

“‘இன்னாங்க, சட்டகூட போடாம வரீங்க. உள்ள வுட மாட்டாங்க.’”